‘ஆம்’ என்று போட்டால் எங்கே போய்ச் சேருவோம்?

காரைக்கால் மாவட்டத்திலுள்ள ஒரு கொம்யூனிலிருந்து (பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சிப் பகுதி), நாற்பது வயதைத் தொட்ட வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் ஊர் பெயரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இவர் பிறந்தது மயிலாடுதுறைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது காரைக்காலில். கணவர் புதுச்சேரி அரசுப் பள்ளியில் ஆசிரியர். ஒன்பது மா குடும்ப நிலத்தைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறார், கடைமடை நிலம். கணவரின் பெரியம்மா பிள்ளையில்லாதவர், இவர்களோடுதான் இருக்கிறார். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். ‘சொல்தா’வாக, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரராக, இருந்த கணவர் இறந்த பிறகு அவருக்குப் பென்ஷன் வருகிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

இப்போது ஊர்க்காரர்கள் சிலர் ‘மக்கள் வாக்கெடுப்பு’ என்று வீடு வீடாகச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ‘காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்திலிருந்து விலக வேண்டுமா?’ என்று ஒரே கேள்வி, ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். வீட்டுக்கு ஒரு சீட்டுதான். கீழே குடும்பத் தலைவர் பெயர், கையெழுத்து, போன் நம்பர், ஆதார் எண் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார்களாம்.

கொழுந்தனார் ‘ஆம்’ என்கிறார். தமிழ்நாட்டோடு சேர்ந்தால் தண்ணீரும் நெல் கொள்முதலும் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. கணவர் ‘இல்லை’ என்கிறார். மத்திய அரசு சம்பள விகிதம் போய்விடும் என்று பயம். பென்ஷன் நின்றுவிடுமோ என்று பெரியம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். வாசகிக்கோ ‘ஆம்’ பக்கம்தான் மனம் சாய்கிறது. பொறையாரில் இருக்கும் தங்கைக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, நண்டலாற்றைத் தாண்டினால் தனக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் இங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும், கடலூரைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்பதையும் இரண்டே வரியில் எழுதியிருக்கிறார். ‘1954-ல் மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே இந்தியாவில் சேர்ந்தோம்? அதே மாதிரி ஓட்டுப் போட்டு இதிலிருந்து வெளியே வர முடியாதா? கையெழுத்துப் போட்டால் தேசத் துரோக வழக்கு வருமா? நான் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?’ இவைதான் அவர் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த இரண்டு வரிதான். காரைக்காலிலிருந்து புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு மேல். இரண்டும் ஒரே யூனியன் பிரதேசம், ஆனால் நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. இந்தத் தூரத்தில் ஒருவரை இழந்த குடும்பத்தில் ‘எதற்கு நமக்கு இந்தப் புதுச்சேரி’ என்ற கேள்வி வந்தால் அது நியாயமான கேள்வி. அதை யாரோ கிளப்பிவிட்ட கேள்வி என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது என்பதற்காக, கையில் கொடுத்த சீட்டும் நியாயமானது என்று ஆகிவிடாது. முதலில் அந்தச் சீட்டைப் பார்ப்போம்.

இது எந்த வகை ஓட்டு?

சட்டத்தின் கண்ணில் இது வாக்கெடுப்பு இல்லை, கருத்துக் கேட்பு. தேர்தல் ஆணையம் நடத்தவில்லை, நாடாளுமன்றம் சட்டம் போடவில்லை, வாக்காளர் பட்டியல் கிடையாது. ஊர் முழுக்க ‘ஆம்’ என்று போட்டாலும் மறுநாள் காலையில் காரைக்கால் புதுச்சேரியில்தான் இருக்கும். நம் அரசியலமைப்பில் பொது வாக்கெடுப்புக்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லை.

எல்லையை மாற்றுகிற அதிகாரம் 3-வது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு மாநிலத்தின் எல்லையைத் தொடுகிற மசோதா என்றால் அந்த மாநில சட்டமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்க வேண்டும். கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. யூனியன் பிரதேசத்துக்கு அந்தக் கேட்பும் கட்டாயமில்லை என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதாவது காரைக்காலைத் தமிழ்நாட்டோடு சேர்க்க ஒரு மசோதா வந்தால், சென்னையைக் கேட்டாக வேண்டும். புதுச்சேரியைக் கேட்கச் சட்டக் கட்டாயம் இல்லை. 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நகர் ஹவேலியையும் டாமன் டையூவையும் ஒன்றாக்கியபோது அங்கே யாரும் மக்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை.

1954 பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம். புதுச்சேரியின் கீழூர் கிராமத்தில் அந்த அக்டோபர் 18-ம் தேதி ஓட்டுப் போட்டவர்கள் உங்கள் மாமனாரின் தலைமுறைப் பொதுமக்கள் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர்தான். 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. மக்களே நேரில் வந்து ஓட்டுப் போட்டது வங்காளத்துச் சந்திரநாகூரில்தான், 1949 ஜூனில். பிரெஞ்சு யூனியனை விட்டு விலக 7,473 ஓட்டு, அதிலேயே இருக்க 114 ஓட்டு. அந்தச் சந்திரநாகூர் இன்று என்னவாக இருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்விக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

ஆனாலும், சீட்டு நடத்துகிறவர்கள் கையில் ஒரு நல்ல துருப்பு இருக்கிறது. அவர்களுக்கே அது தெரியுமா என்று தெரியவில்லை. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் போட்ட ஒப்படைப்பு உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவு, இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையைப் பின்னாளில் மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்கிறது. அது 1962 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. விருப்பத்தை எப்படி அறிவது, ஓட்டு மூலமா, சட்டமன்றத் தீர்மானம் மூலமா என்று அதில் சொல்லவில்லை. சர்வதேச உடன்படிக்கை என்பதால் அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் வாக்கெடுப்புக்கு உத்தரவு வாங்குவது கடினம். ஆனால் அரசியலில் அதற்கு எடை உண்டு. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைப்பது பற்றிப் பேசியபோது இங்கே என்ன கொந்தளிப்பு, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே டெல்லி யோசித்தது.

முறையாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு கோவா உதாரணம். மகாராஷ்டிராவோடு சேருவதா, யூனியன் பிரதேசமாகவே இருப்பதா என்று கேட்பதற்காகவே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, 1967 ஜனவரி 16 அன்று வாக்கெடுப்பு நடத்தியது. சேருவதற்குப் பூ, தனியாக இருப்பதற்கு இரண்டு இலை. (நம் ஊர் இரட்டை இலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அது பிறக்கவே இன்னும் சில வருஷம் இருந்தது.) 1,72,191 பேர் தனியாக இருப்போம் என்றார்கள், 1,38,170 பேர் சேருவோம் என்றார்கள். இருபது வருஷம் கழித்து 1987-ல் கோவா தனி மாநிலமே ஆகிவிட்டது. அந்தச் சீட்டில் இரண்டு சின்னம், இரண்டுக்கும் தெளிவான பொருள். விலகினால் எங்கே, இருந்தால் எப்படி என்று ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும்.

சீட்டில் இல்லாத கேள்வி

உங்கள் சீட்டில் அது இல்லை. ‘விலக வேண்டுமா’ என்று மட்டும் கேட்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் தமிழ்நாட்டோடு சேருவோம் என்றும், இன்னொருவர் காரைக்கால் தனி யூனியன் பிரதேசம் என்றும் பேசினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போகிற பஸ். சொத்து விவரம் எழுதாத பாகப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடுவீர்களா? இதுவும் அப்படித்தான்.

பிரிட்டனில் 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று கேட்டார்கள். சுமார் 52 சதவீதம் பேர் விலகுவோம் என்றார்கள். விலகி எந்த மாதிரி உறவுக்குப் போவது என்பது சீட்டில் இல்லை. முடிவு வந்ததுமே ஒரு பிரதமர் பதவி விலகினார்; எந்த மாதிரி உறவு என்ற சண்டையில் அடுத்தவரும் பதவி இழந்தார். கடைசியில் விலகியது 2020 ஜனவரி 31-ல். அதற்கு முன்பு 2014-ல் பிரிட்டனை விட்டுப் பிரிவதா என்று ஸ்காட்லாந்தில் கேட்டபோது, பிரிந்தால் என்ன பணம், என்ன பென்ஷன், என்ன பாஸ்போர்ட் என்று அந்த ஊர் அரசு 670 பக்கத்துக்கு வெள்ளை அறிக்கை கொடுத்தது. அப்படியும் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆக, உங்களிடம் வருகிறவர்களிடம் 670 பக்கம் கேட்க வேண்டாம். ஒரே ஒரு பக்கம் கேளுங்கள்.

அந்தப் பக்கத்தை அவர்கள் எழுதும்வரை நானே இரண்டு வழியையும் சொல்கிறேன்.

தனி யூனியன் பிரதேசம் என்றால் தனி முதலமைச்சர் என்று உங்கள் தெருவில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதற்குக் காரணம் அரசியலமைப்பின் 239ஏ பிரிவில் அதன் பெயர் எழுதியிருப்பதும், 1963-ல் வந்த சட்டமும். புதிதாகப் பிறக்கிற பிரதேசத்துக்கு அது தானாக வராது. 2019-ல் ஜம்மு காஷ்மீரிலிருந்து லடாக்கைப் பிரித்துத் தனி யூனியன் பிரதேசம் ஆக்கியபோது சட்டமன்றம் தரவில்லை. அங்கே முதலில் கொண்டாடியவர்களே பிறகு மாநில அந்தஸ்து கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். 2011 கணக்கெடுப்பில் காரைக்காலின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். இந்த அளவுக்கு டெல்லியிலிருந்து ஒரு நிர்வாகியை அனுப்பி வைத்துவிடுவார்கள். இன்றைக்குக் கோபம் வந்தால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். அப்போது நிற்க வாசலே இருக்காது. மூன்று வழிகளில் இதுதான் மோசமானது என்பது என் கருத்து. மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டோடு சேருவது அப்படி இல்லை. அதில் நிஜமான லாபம் இருக்கிறது. பெரிய கஜானா, பக்கத்திலேயே நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு நேர்வழிப் பரிந்துரை. இரவில் நெஞ்சுவலி வந்த மனிதரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று யாரும் எல்லையைப் பார்த்து யோசிக்க வேண்டியிராது. ஆனால் நஷ்டத்தையும் எண்ணிப் பாருங்கள். இப்போது 30 தொகுதியில் ஐந்து நம்முடையவை: நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம். புதுச்சேரியில் ஆட்சிகள் ஒன்றிரண்டு பேர் வித்தியாசத்தில் நிற்கிறவை, விழுகிறவை. அங்கே ஐந்து பேர் என்பது பெரிய கை. (அந்தக் கையால் ஊருக்கு என்ன வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.) தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கே சராசரியாக இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். காரைக்கால் முழுவதும் சேர்ந்தாலும் 234-ல் ஒன்று. நமக்கென்று இருக்கும் கலெக்டர் அலுவலகம் நீடிக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சந்திரநாகூருக்கு இப்போது வருகிறேன். அது 1954-ல் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. இன்று ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு நகரம். நன்றாகத்தான் இருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தனி மாவட்டமாகக்கூட இல்லை.

கொழுந்தனாரின் தண்ணீர்க் கணக்கு

இதை நிதானமாக அவரோடு உட்கார்ந்து படியுங்கள். அவர் கோபத்தில் பாதி சரி, பாதி தவறான இடத்தில் விழுந்த கோபம்.

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, வருஷத்துக்கு 7 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி தண்ணீர்) ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தபோதும் இந்த 7-ல் கை வைக்கவில்லை. காவிரி மேலாண்மை ஆணையத்தில் கர்நாடகா, தமிழ்நாடு, கேரளாவோடு புதுச்சேரிக்கும் ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலி இருப்பது காரைக்காலின் வயலுக்காக மட்டுமே. புதுச்சேரி நகரத்துக்குக் காவிரி வருவதில்லை. தமிழ்நாட்டோடு சேர்ந்தால் அந்த 7 டி.எம்.சி. என்னவாகும் என்பதை நாடாளுமன்றச் சட்டம்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் காரைக்கால், நாகப்பட்டினம் மாவட்டக் கடைமடையோடு வரிசையில் நிற்கிற இன்னொரு கடைமடை. 2023 குறுவையில் மேட்டூர் வற்றியபோது அந்த மாவட்டத்து விவசாயிகள் கருகிய பயிரைப் பார்த்து நின்றதை உங்கள் கொழுந்தனார் மறந்திருக்க மாட்டார். அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தான்.

சரி, 7 டி.எம்.சி. காகிதத்தில் இருக்கிறது, மதகில் வருகிறதா என்று அவர் கேட்பார். கேட்கட்டும், நியாயம். அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் தமிழ்நாட்டு வழியாகத்தான் நமக்கு வருகின்றன. மேலே இருக்கும் மதகைத் திறப்பது அந்தப் பக்கத்துப் பொறியாளர். நம் பங்கு எல்லையில் எவ்வளவு வந்தது என்று நாள்வாரியாக அளந்து கணக்கு கேட்பதுதான் நம் பக்கத்து வேலை. அதைச் செய்யச் சொல்லி எழுத வேண்டிய இடம் பொதுப்பணித் துறை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கடந்த மூன்று வருஷத்து எல்லை அளவீட்டைக் கேளுங்கள். யூனியன் பிரதேசத்தை மாற்றாமலே இந்தச் சண்டையை நடத்தலாம்.

நெல் விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது முழுக்கச் சரி. எல்லைக்கு அந்தப் பக்கம் நேரடி கொள்முதல் நிலையத்தில், குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு மேல் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துத் தருகிறார்கள். அங்கே போட வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல், அதாவது சாகுபடிச் சான்று, வேண்டும், நிலம் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். உங்கள் களத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் மூட்டை எடை போடுகிறார்கள், உங்கள் நெல்லோ வியாபாரி சொன்ன விலைக்குப் போகிறது. இது வயிறு எரிகிற விஷயம்தான். அதே போல, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-ல் தமிழ்நாடு போட்ட சட்டம் எல்லையிலேயே நின்றுவிட்டது. காரைக்கால் வயலுக்கு அது பொருந்தாது. ‘ஆம்’ பக்கத்தில் நான் பார்க்கிற மிகப் பலமான வாதம் இந்த இரண்டும். பஸ் டிக்கெட்டோ மாத உதவித்தொகையோ இல்லை. அவையெல்லாம் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறவை. இரண்டு பக்கமும் ஒன்றைப் பார்த்து ஒன்று கூட்டிக்கொண்டே போகின்றன. அவற்றை வைத்து எல்லையை முடிவு செய்யாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பெரியம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். அவர் குடியுரிமை, 1962 ஆகஸ்ட் 16-க்குப் பின் உடன்படிக்கை கொடுத்த ஆறு மாத அவகாசத்தில் அந்தக் குடும்பம் எடுத்த முடிவிலும் பிரெஞ்சு நாட்டுச் சட்டத்திலும் நிற்கிறது. பென்ஷன் பிரெஞ்சு அரசு தருவது. காரைக்கால் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வருஷா வருஷம் கொடுக்கிற உயிர்வாழ்வுச் சான்றை மட்டும் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் இந்தச் சீட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டாம். பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே அவர் ஓட்டுப் போடலாம். இந்தியாவின் எல்லை எப்படி இருக்க வேண்டும் என்ற பிரச்சாரத்தில் ஒரு வெளிநாட்டுக் குடிமகள் பெயர் இருப்பது அவருக்கும் நல்லதல்ல, சீட்டு நடத்துகிறவர்களுக்கும் நல்லதல்ல.

கணவரின் சம்பளப் பயம் முழுவதும் ஆதாரமற்றது இல்லை, ஆனால் மிகை. மாநிலச் சீரமைப்புச் சட்டங்களில் ஊழியர் பாதுகாப்புப் பிரிவு வழக்கமாக இருக்கும்: மத்திய அரசின் முன்அனுமதி இல்லாமல் பணி நிபந்தனைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. 1956 சட்டத்திலும் இருந்தது, ஆந்திராவைப் பிரித்த 2014 சட்டத்திலும் இருக்கிறது. ஏற்கெனவே வாங்குகிற சம்பளம் ஒரே இரவில் குறையாது. எதிர்காலச் சம்பளக் குழுக்கள் எப்படி இருக்கும் என்பதுதான் நிஜமான கேள்வி. அவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் நடத்தை விதிகள் பொருந்தும். அரசியல் இயக்கத்தில் பங்கெடுப்பதும் அரசின் கொள்கையை வெளிப்படையாக விமர்சிப்பதும் அதில் தடை. ‘ஆம்’ போட்டாலும் ‘இல்லை’ போட்டாலும், பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு சீட்டை நாளைக்கு யாராவது புகாரோடு இணைத்து அனுப்பினால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர்தான். அவர் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் தெளிவான ஆலோசனை.

மகள் விஷயம் எளிது. அடுத்த ஜூனில் நடக்கும் சேர்க்கை, இப்போதிருக்கும் விதிப்படியே நடக்கும். காரைக்கால் வட்டார ஒதுக்கீடும், ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் புதுச்சேரி மக்களுக்கான இடங்களும் அப்படியே இருக்கும். தெலங்கானாவைப் பிரிக்கும் நடவடிக்கை தொடங்குகிறது என்று டெல்லி அறிவித்தது 2009 டிசம்பரில். மாநிலம் பிறந்தது 2014 ஜூனில். அரசே ஒப்புக்கொண்ட பிறகும் அத்தனை நாள் ஆனது.

தேசத் துரோகம் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். இந்தியாவுக்குள் ஒரு பகுதி எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று அமைதியாகக் கருத்துச் சொல்வது குற்றமே இல்லை. புதுக் குற்றவியல் சட்டத்தின் 152-வது பிரிவு இந்தியாவின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பது பற்றியது. புதுச்சேரியை விட்டுத் தமிழ்நாட்டுக்குப் போகக் கேட்பது அதில் வராது.

உங்களைப் பற்றி ஒன்று. ‘குடும்பத் தலைவர் என்று அவர் பெயர்தான் இருக்கிறது, நான் தனியாகச் சொல்ல முடியுமா’ என்று ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது. 326-வது பிரிவு ஓட்டுரிமையை வயது வந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் கொடுத்தது, வீட்டுக்கு ஒன்றாக இல்லை. உங்கள் வீட்டிலேயே மூன்று பேருக்கு மூன்று கருத்து. அதை ஒரு டிக்காக எழுதினால் அது யாருடைய விருப்பம்? இப்படிச் சேர்த்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு டெல்லிக்குப் போனால், ‘பெண்களைக் கேட்டீர்களா’ என்ற முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். உடன்படிக்கை சொன்ன மக்கள் விருப்பம் என்ற நல்ல வாதத்தை இவர்களே பலவீனப்படுத்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

ஆதார் எண்ணைக் கொடுக்காதீர்கள். எந்தத் தனியாரும் கருத்துக் கேட்க ஆதார் கேட்க முடியாது. பெயர், கையெழுத்து, போன் நம்பர் மூன்றும் ஒரே தாளில் இருந்தால் அதற்கு ரகசியமும் கிடையாது, நாளைக்கு அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்பதற்குப் பொறுப்பாளியும் கிடையாது.

வருகிறவர்களிடம் முகம் கோணாமல் கேளுங்கள்: விலகி எங்கே போகிறோம்? 7 டி.எம்.சி.யும் ஆணையத்து நாற்காலியும் என்னவாகும்? ஐந்து எம்.எல்.ஏ. ஒன்றாகக் குறைவதற்கு ஈடாக என்ன கேட்கப் போகிறீர்கள்? வீட்டுக்கு ஒன்று ஏன், ஆளுக்கு ஒன்று ஏன் இல்லை? எழுத்தில் பதில் கொண்டுவந்தால் அப்போது டிக் போடுவதைப் பற்றி யோசிக்கலாம். கொண்டுவரவில்லை என்றால், எதுவும் போடாமல் சீட்டைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்னிடம் அந்தச் சீட்டு வந்திருந்தால், இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு, பின்பக்கத்தில் ‘முதலில் உள்ளாட்சித் தேர்தல்’ என்று எழுதியிருப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006-ல் நடந்தது. அதுவும் 1968-க்குப் பிறகு முதல் தடவை. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அப்புறம் தேர்தலே இல்லை. ஒருமுறை 2021-ல் அறிவிப்பு வந்து, இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. காரைக்கால் நகராட்சியையும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 243இ பிரிவும் 243யூ பிரிவும் தெளிவாகச் சொல்கின்றன. உங்கள் தெருவில் விலகல் பற்றி இவ்வளவு வேகமாகப் பேசுகிறவர்களில் எத்தனை பேர், சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் இந்த ஓட்டு வரவில்லையே என்று ஒரு மனு கொடுத்தார்கள்? தேர்ந்தெடுத்த கொம்யூன் பஞ்சாயத்து இருந்தால் ஆஸ்பத்திரி, நெல், மதகு எல்லாவற்றுக்கும் ஒரு தீர்மானம் போட ஆள் இருக்கும். விலகல் வேண்டும் என்று ஐந்து கொம்யூனும் நகராட்சியும் தீர்மானம் போட்டால், 1954-ல் கீழூரில் நடந்ததற்கு ஒப்பான எடை அதற்கு வரும். இந்தச் சீட்டுக்கு அது வராது.

நீங்களும் தெருவில் நாலைந்து பெண்களும் சேர்ந்து, உள்ளாட்சித் தேர்தல் கேட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதுங்கள், நகல் கலெக்டருக்கு. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். பதில் வரவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். புதுச்சேரி அதன் எல்லைக்குள்தான் வருகிறது. அதற்கு வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

ஆஸ்பத்திரி விஷயத்துக்குத் தனி மனு வேண்டும், இதோடு கலக்காதீர்கள். மாமனாரை அனுப்பிய இரவின் பரிந்துரைச் சீட்டு இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அதில் நேரம் எழுதியிருக்கும். எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதை உங்களுக்கு நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அந்த இரண்டையும் அடுத்த கடிதத்தோடு எனக்கு அனுப்புங்கள், மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.